மூணு கேஜும் சேர்ந்து கால் ஆம்பியர் இழுக்காது, அதுக்கு எதுக்குத் தனி ஃப்யூஸ்?

ஸ்பேனர்17 | ஜூன் 4, இரவு 9.40

வண்டி டேஷ்போர்டுல மாட்ட ஆயில் பிரஷர், கூலன்ட் டெம்பரேச்சர், வோல்ட், மூணு கேஜ் வாங்கியாச்சு. எல்லாம் 52 மி.மீ, எல்இடி லைட். ஒவ்வொண்ணுலயும் சிவப்பு (பிளஸ்), கருப்பு (எர்த்), ஆரஞ்சு (லைட்) வருது. சென்சார் உள்ள ரெண்டுல கூடுதலா ஒரு வெள்ளை. ரேடியோவுக்குப் பின்னாடி சாவி போட்டா கரண்ட் வர்ற லைன் ஒண்ணு இருக்கு. அதுல கவ்வி கனெக்டர் (வயரை அறுக்காம மேலேயே கவ்விப் பிடிக்கிற கிளிப்) மாட்டி மூணுக்கும் எடுத்துட்டா வேலை முடிஞ்சது, தனி ஃப்யூஸ் தேவையில்லைங்கறது என் கட்சி. தப்புன்னா எங்கே தப்புன்னு சொல்லுங்க.

செம்புக்கம்பி | ஜூன் 4, இரவு 10.25

கால் ஆம்பியர் கணக்கு சரிதான். ஆனா அது எல்லாம் ஒழுங்கா இருக்கிற நாளோட கணக்கு. வயர் ஏதோ ஒரு தகட்டு ஓரத்துல உரசித் தோல் உரிஞ்சு பாடியைத் தொட்ட நாள்ல எவ்வளவு பாயும்னு பார்த்துத்தான் ஃப்யூஸ் போடுறோம். காப்பாத்த வேண்டியது வயரை. கேஜ் போனா போகட்டும், புதுசு வாங்கிக்கலாம்.

கணக்கு இது. 0.5 சதுர மி.மீ செம்பு வயர் மீட்டருக்கு சுமார் 0.037 ஓம். பேட்டரியிலிருந்து ரெண்டு மீட்டர் தள்ளி ஷார்ட் ஆனா வயர் 0.074 ஓம், பேட்டரியோட உள்மின்தடை 0.01ன்னு வச்சுக்கோங்க, ஆக 0.084. 12.6 வோல்ட்டை அதால வகுத்தா 150 ஆம்பியர். அந்த வயருக்குள்ள மட்டும் 1,600 வாட்டுக்கு மேல சூடு. ரெண்டு மீட்டர்ல இருக்கிற செம்போட எடை 9 கிராம்தான். ஒரு விநாடிக்குள்ள இன்சுலேஷன் புகையும், கூடக் கட்டியிருக்கிற கம்பெனி வயரிங்கும் சேர்ந்து உருகும்.

செம்புக்கம்பி | ஜூன் 4, இரவு 10.50

அவசரத்துல எழுதிட்டேன், ஒரு திருத்தம். மேலே உள்ளது பேட்டரியிலிருந்து நேரா, ஃப்யூஸ் இல்லாம இழுத்த வயருக்கான கணக்கு. நீங்க சொல்ற ரேடியோ லைன்ல ஏற்கனவே 10 இல்லேன்னா 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும். அங்கே 150 பாயாது, முழு ஷார்ட்னா ரேடியோ ஃப்யூஸ் பட்டுனு போயிடும்.

வம்பு அரைகுறை ஷார்ட்லதான். பிளேடு ஃப்யூஸ் மேல அச்சடிச்ச நம்பரைத் தாண்டின நொடியே போகாது. 10 சதவீதம் கூடுதலை மணிக்கணக்கா தாங்கும். 35 சதவீதம் கூடுதல்னா பத்து நிமிஷம் வரைக்கும் இழுக்கலாம். இரு மடங்கு பாஞ்சாதான் சில விநாடியில போகும். அதாவது 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட லைன்ல 20 ஆம்பியர் நிமிஷக்கணக்குல ஓட வாய்ப்பு இருக்கு. 0.5 வயர்ல 20 ஆம்பியர்னா மீட்டருக்கு 15 வாட் சூடு. டேப் சுத்தி டேஷ்போர்டுக்குள்ள மூச்சு முட்டக் கட்டின வயருக்கு அது போதும், இளகிடும்.

அதனால கேஜ் கிளைக்குத் தனியா 2 இல்லேன்னா 3 ஆம்பியர் ஃப்யூஸ். 2 சாம்பல் நிறம், 3 ஊதா, 5 வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். கடையில ஊதா கிடைக்கலன்னு சிவப்பை மாட்டுறதும் ஃப்யூஸ் போடாம விடுறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஸ்பேனர்17 | ஜூன் 5, காலை 7.15

ஃப்யூஸ் விஷயத்துல தோத்துட்டேன் அண்ணே. கேஜுக்குப் பக்கத்துலயே ஹோல்டர் வச்சுக்கலாமா, கைக்கு எட்டும்? கவ்வி கனெக்டர்ல என்ன குறை?

செம்புக்கம்பி | ஜூன் 5, காலை 8.05

கேஜ் பக்கத்துல வச்சா கடைசி பத்து செ.மீ வயருக்கு மட்டும்தான் காவல். கரண்ட் எங்கே கிளை பிரியுதோ அங்கேயே, 15 செ.மீக்குள்ள ஹோல்டர் இருக்கணும். பேட்டரியிலிருந்து எடுத்தா பேட்டரி பக்கத்துல, ஃப்யூஸ் பாக்ஸ்ல எடுத்தா பாக்ஸ்லயே.

கவ்வி கனெக்டரை ஒரு தடவை மாட்டிக் கழட்டிட்டு, கடிச்ச இடத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. உள்ளே இருக்கிற தகட்டுல ஒரு பிளவு. வயர் அந்தப் பிளவுக்குள்ள இறங்கும்போது தகடு இன்சுலேஷனைக் கிழிச்சு இழைகளை நெருக்கும். 0.5 வயர்ல 16 இழை இருந்தா ஓரத்து இழை மூணு நாலு வெட்டுப்பட்டு நிக்கும், மிச்சம் நசுங்கியிருக்கும். கிழிஞ்ச ரெண்டு பக்கமும் ஈரம் நுழைய வாசல். பச்சை பூத்துத் தொடர்பு விட்டு விட்டு வரும். மெல்லிய வயருக்குப் பெரிய சைஸ் கவ்வி மாட்டினா பிளவு இழையைத் தொடவே தொடாது, கூடை மாதிரி தொங்கும். பெரிய வயருக்குச் சின்னக் கவ்வின்னா பாதி இழை காலி. மாட்டின அன்னிக்கு எல்லாமே வேலை செய்யும், அதுதான் அதோட சாமர்த்தியம்.

கம்பெனி வயரைத் தொடாமலே எடுக்க வழி, இரட்டை ஃப்யூஸ் அடாப்டர். பழைய ஃப்யூஸைப் பிடுங்கி, அந்தச் சந்துல அடாப்டரைச் செருகி, அதுல பழைய ஃப்யூஸும் புது ஃப்யூஸும் ஒண்ணு மேல ஒண்ணா உட்காரும். வாங்கும்போது பிளேடு சைஸ் பார்க்கணும். சாதாரண சைஸ், மினி, குட்டை மினி, ரெண்டு கால் மைக்ரோ, மூணு கால் மைக்ரோன்னு அஞ்சு வகை இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சேராது.

பலரும் கவனிக்காதது அடாப்டரோட திசை. ஃப்யூஸைப் பிடுங்கிட்டு சாவியை ஆன்ல வச்சு, சந்தோட ரெண்டு காலையும் மல்டிமீட்டர்ல பாருங்க. ஒரு கால்ல 12 வோல்ட் இருக்கும், அதுதான் கரண்ட் வர்ற பக்கம். அடாப்டர்ல புது ஃப்யூஸுக்குப் போற கால் அந்தப் பக்கம் வரணும். திருப்பி மாட்டினாலும் கேஜ் வேலை செய்யும், சந்தேகமே வராது. ஆனா கேஜோட கரண்ட் பழைய ஃப்யூஸ் வழியாத்தான் வரும். அது போனா ரெண்டும் சேர்ந்து போகும், பழைய ஃப்யூஸுக்குக் கூடுதல் சுமை வேற.

ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் கட்டுப்பாடு), ஈசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்), ஃப்யூயல் பம்ப், இந்த நாலு சந்து பக்கம் போகாதீங்க. மஞ்சள் கனெக்டரும் மஞ்சள் உறை வயரும் ஏர்பேக். ஹைப்ரிட்ல ஆரஞ்சு உறை உயர் மின்னழுத்தம். ரெண்டையும் கிளறவும் வேணாம், மீட்டர் முனையால தொடவும் வேணாம்.

பழைய_ரிலே | ஜூன் 5, மதியம் 1.30

ரேடியோ லைனையே எடுக்க வேணாம்னு ஏன் சொல்லல? அது ஏசிசி லைன், ரேடியோ மாதிரி துணைச் சாமானுக்கானது. செல்ஃப் அடிக்கும்போது செத்துடும்.

செம்புக்கம்பி | ஜூன் 5, மதியம் 2.10

உண்மை, அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். சாவிக்கு மூணு நிலை: ஏசிசி, ஆன், ஸ்டார்ட். ஸ்டார்ட்ல ஏசிசி லைனை சுவிட்ச் தானே வெட்டிடும், செல்ஃப் மோட்டாருக்கு முழு பலம் போகட்டும்னு. கேஜுக்கு வேண்டியது ஆன்லயும் ஸ்டார்ட்லயும் உயிரோட இருக்கிற லைன். ஜெர்மன் முறை நம்பர் போட்ட வயரிங் படம்னா அது 15. பேட்டரி நேரடி 30, எர்த் 31, பார்க் லைட் 58, மங்கலாக்கும் டேஷ் லைட் 58டி.

தப்பா எடுத்திருக்கோமான்னு பார்க்க மீட்டர்கூட வேணாம். ஆன்ல வச்சதும் முள் ஒரு முறை ஓடித் திரும்பும். இன்ஜின் பிடிச்சதும் மறுபடி முழுசா ஓடித் திரும்பினா நீங்க எடுத்தது ஏசிசி. இதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. ஸ்டார்ட் பண்ற அந்த ரெண்டு விநாடியில ஆயில் பிரஷர் ஏறுறதையும், பேட்டரி எவ்வளவு இறங்குதுங்கறதையும் பார்க்கத்தான் இந்தக் கேஜெல்லாம். அப்போ பார்த்து முள் செத்துக் கிடக்கும்.

பழைய_ரிலே | ஜூன் 5, மதியம் 2.45

எதிர்காலத்துல வைட்பேண்ட் கேஜ் (பெட்ரோல், காத்து கலவையைக் காட்டுறது) சேர்க்கிற எண்ணம் இருந்தா இதே 3 ஆம்பியர் கிளையில தொங்கவிடாதீங்க. அதோட ஆக்சிஜன் சென்சாருக்குள்ள ஹீட்டர் இருக்கு, குளிர்ந்த நிலையில இழுவை ஜாஸ்தி. தனி லைன், 5 ஆம்பியர் ஃப்யூஸ், 1 சதுர மி.மீ வயர். சென்சாரை எக்ஸாஸ்ட்ல மாட்டிட்டு கரண்ட் கொடுக்காம வண்டி ஓட்டவும் கூடாது. ஹீட்டர் இல்லாம குளிர்ந்து நிக்கிற சென்சார் மேல கரி படிஞ்சு வீணாப்போகும்.

நிறைய கேஜ் போடுறவங்க ரிலே (சின்னக் கரண்ட்டால பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) வச்சுக்கிட்டா நிம்மதி. ரிலேயோட கால் நம்பர்ல 30ல பேட்டரி, ஃப்யூஸ் வழியா. 87 கேஜ் பக்கம். 85 எர்த், 86க்கு சாவி லைன். சாவி லைன் சுமப்பது காயில் இழுக்கிற 0.15 ஆம்பியர் அளவுதான். 87ஏல மாட்டிடாதீங்க, வண்டி நிக்கும்போது கேஜ் எரியும், ஓடும்போது அணையும். காயில் அணையும்போது வோல்ட் துள்ளல் வரும், அதை அடக்க உள்ளேயே ரெசிஸ்டர் வச்ச ரிலே வாங்குங்க. டயோடு வச்சதுன்னா 85, 86 எது பிளஸ்னு ரிலே மேல அச்சடிச்ச படத்தைப் பார்த்து மாட்டணும், மாத்தினா டயோடு வழியா நேரா ஷார்ட்.

செம்புக்கம்பி | ஜூன் 5, இரவு 9.20

மூணு எல்இடி கேஜுக்கு ரிலே தேவையே இல்ல, அவர் சொல்றது பெரிய செட்டுக்கு. பழைய பல்பு கேஜ்னா ஒரு பல்பு 3.4 வாட் இழுக்கும், நாலு கேஜுக்கு லைட் மட்டும் 1.1 ஆம்பியர். அங்கே யோசிக்கலாம்.

இப்போ எர்த். பிளஸ்ல காட்டுற அக்கறையில பாதி எர்த்துல காட்டினாலே கேஜ் புகார் முக்கால்வாசி குறையும். எர்த் சரியில்லாத கேஜ் அளக்காது, ஜோசியம் சொல்லும்.

மூணு கருப்பு வயரையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வாங்க. டேஷ்போர்டுக்குள்ள பாடியோட வெல்டு பண்ணின நட்டு அல்லது ஸ்டட்டா பாருங்க. பிளாஸ்டிக் தாங்கியில முடியுற ஸ்க்ரூவும், தகட்டுல சுயமா ஓட்டை போட்டு இறங்கின ஸ்க்ரூவும் வேணாம். லக் (வயர் முனையில மாட்டுற உலோக வளையம்) உட்கார்ற வட்டத்துக்கு மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி நிறத்தகடு தெரியணும். தகடு, லக், ஸ்டார் வாஷர், நட்டு, இந்த வரிசை. இறுக்கின பிறகு மேலே கொஞ்சம் பெயின்ட் இல்லேன்னா கிரீஸ், துரு பிடிக்காம இருக்க. ரேடியோ எர்த் வயர்லயோ ஏசி ஃபேன் எர்த் வயர்லயோ கடன் வாங்காதீங்க.

ஸ்பேனர்17 | ஜூன் 8, மாலை 6.50

சனிக்கிழமையே மாட்டியாச்சு. ஊதா ஃப்யூஸ், அடாப்டர் திசை எல்லாம் சரி. ஆனா ஒரு வினோதம். ஏசி ஃபேனை நாலாம் நம்பர்ல வச்சா டெம்பரேச்சர் முள் 90ல இருந்து 97க்குத் தாவுது, ஆயில் பிரஷர் கொஞ்சம் இறங்குது. ஃபேனை அணைச்சா ரெண்டும் பழைய இடத்துக்கு வந்துடுது. சென்சார் பழுதா?

செம்புக்கம்பி | ஜூன் 8, இரவு 8.15

உண்மையைச் சொல்லுங்க தம்பி, எர்த்தை ஃபேன் வயர்லதானே எடுத்தீங்க?

சென்சார் ரெண்டும் ஒரே நேரத்துல பழுதாகி, ஃபேனை அணைச்சதும் குணமாகாது. நடக்கிறது இது. ஒத்தை வயர் சென்சாருக்கு எர்த், தன் மரை வழியா இன்ஜின் பிளாக். கேஜுக்கு எர்த், டேஷ்போர்டுக்குள்ள. சென்சார் முனையில எவ்வளவு வோல்ட்னு கேஜ் தன்னோட எர்த்தை வச்சுத்தான் அளக்குது. ஃபேன் முழு வேகத்துல 15, 20 ஆம்பியர் இழுக்கும். அது திரும்பிப் போற வயர்ல 0.2 வோல்ட் எழும்பினா கேஜோட தரைமட்டமே 0.2 உயர்ந்துடுது, சென்சார் வோல்ட் அவ்வளவு குறைவாத் தெரியும். டெம்பரேச்சர் சென்சார் சூடு ஏற ஏற ஓம் குறையற வகை, குறைஞ்ச வோல்ட்னா கேஜுக்கு 'சூடு ஏறிடுச்சு'ன்னு அர்த்தம். ஆயில் பிரஷர் சென்சார் பெரும்பாலும் 10லிருந்து 180 ஓம், பிரஷர் ஏற ஓமும் ஏறும். அங்கே குறைஞ்ச வோல்ட்னா 'பிரஷர் இறங்கிடுச்சு'. ஒரு முள் மேலயும் இன்னொண்ணு கீழயும் ஒரே நேரத்துல நகர்ந்தா எர்த் தவிர வேற எதையும் தேட வேணாம்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனை கேஜோட கருப்பு வயர் லக் மேல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல சுத்தமான இடத்துல. இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட், ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஆன். 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. ஃபேன் வயரை விட்டுட்டுப் பாடிக்கு மாத்தின பிறகும் தாண்டினா, பிளாக்குக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற பின்னல் எர்த் ஸ்ட்ராப்பைக் கழட்டி ரெண்டு முனையும் தேய்ச்சு மாட்டுங்க.

ஸ்பேனர்17 | ஜூன் 8, இரவு 8.40

ஃபேன் வயர்தான். கைக்கு எட்டினது அது ஒண்ணுதான் அண்ணே.

செம்புக்கம்பி | ஜூன் 9, காலை 7.50

ஓம் பேச்சு வந்ததால சென்சார் பத்தி. கேஜோட வந்த சென்சாரைத்தான் போடணும். 10-180 ஓம் சென்சாருக்கான கேஜ்ல 240-33 ஓம் சென்சாரை மாட்டினா முள் தலைகீழா ஓடும். சந்தேகம் வந்தா சென்சாரைக் கழட்டி, அந்த இடத்துல 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை எர்த்துக்கு வைங்க. 10-180 கேஜ்னா முள் ஏறக்குறைய நடுவுல நிக்கணும். நின்னா கேஜும் வயரும் சரி, குறை சென்சார்ல.

மரை. 1/8 என்பிடிக்கு அங்குலத்துக்கு 27 மரை, 1/8 பிஎஸ்பிக்கு 28, எம்10க்கு 1 மி.மீ இடைவெளி. மூணும் கையால ரெண்டு சுத்து உள்ளே போகும், 'அட, சேருதே'ன்னு தோணும். மூணாவது சுத்துல இறுகும்போது ஸ்பேனரைத் தேடாதீங்க, கழட்டி மரை அளக்கிற சீப்பை வச்சுப் பாருங்க. அலுமினிய பிளாக்ல மரை அழிஞ்சா செலவு கேஜ் விலையைத் தாண்டும்.

டெஃப்ளான் டேப்பை ஒத்தை வயர் சென்சார் மரையில கனமா சுத்தினா எர்த் அறுந்துபோக வாய்ப்பு இருக்கு, பிஞ்ச துணுக்கு ஆயில் வழியில போகவும் வாய்ப்பு. திரவ சீலன்ட் ரெண்டாவது மரையிலிருந்து மெலிசா தடவினா போதும். மாட்டின பிறகு சென்சார் உடம்புக்கும் பிளாக்குக்கும் ஓம் பாருங்க, அரை ஓமுக்குக் கீழே இருக்கணும்.

செம்புக்கம்பி | ஜூன் 9, காலை 8.20

மேலே விட்டுப்போனது ரெண்டு, ரெண்டும் பெரிசு.

கம்பெனி ஆயில் சுவிட்சைக் கழட்டி அங்கே பித்தளை டி (மூணு வாய் இணைப்பு) போட்டு, ஒரு பக்கம் பழைய சுவிட்ச், மறுபக்கம் டப்பா சைஸ்ல புது சென்சார்னு தொங்கவிடுறது சகஜமா நடக்குது. அந்த எடை முழுக்க 1/8 பித்தளைக் கழுத்து ஒண்ணுல நிக்குது, இன்ஜின் அதை ஓயாம ஆட்டுது. ஒருநாள் கழுத்து முறியும், பிரஷரோட ஆயில் முழுசும் வெளியே, சில சமயம் எக்ஸாஸ்ட் மேலேயே. கம்பிப் பின்னல் போட்ட குட்டை ஹோஸ் ஒண்ணு வழியா சென்சாரைத் தள்ளி வச்சு பிராக்கெட்ல கட்டுங்க. அப்போ சென்சார் பிளாக்கை விட்டு விலகிடும், அதுக்குத் தனியா ஒரு எர்த் வயர் பிளாக்குக்கே கொடுங்க.

இதே கதைதான் ரேடியேட்டர் மேல் ஹோஸை வெட்டி மாட்டுற அலுமினிய அடாப்டர்லயும். ரெண்டு பக்கமும் ரப்பர், எர்த்தே கிடையாது. அடாப்டர்ல ஒரு சின்ன ஸ்க்ரூ ஓட்டை இருக்கும், அது அலங்காரத்துக்கு வச்சதில்ல. இன்னொண்ணு, அது தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால இருந்தா, வால்வு திறக்கிற வரைக்கும் முள் அசையாது, அப்புறம் ஒரேயடியா ஏறும். கேஜ் பழுதுன்னு நினைக்க வேணாம். ஹோஸை வெட்டின பிறகு கூலன்ட்ல காத்து எடுக்கவும் மறக்காதீங்க.

பழைய_ரிலே | ஜூன் 9, மாலை 5.05

கம்பெனி டெம்பரேச்சர் சென்சார் வயர்லயே கிளை எடுக்கலாமேன்னு அடுத்து யாராவது கேட்பாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். ஈசியூ தன் உள்ளே இருக்கிற ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட் அனுப்பி அந்தச் சென்சாரை அளக்குது. கேஜையும் அதுல கோத்தா ரெண்டு அளவும் கெடும். சூடான இன்ஜினைக் குளிர்ந்ததுன்னு நினைச்சு ஈசியூ பெட்ரோலைக் கொட்டும், இல்லேன்னா ரேடியேட்டர் ஃபேனைத் தாமதமா போடும்.

பூஸ்ட் கேஜோட (டர்போ காத்தழுத்தம் காட்டுறது) மூணு வயர் சென்சாருக்கு ஈசியூவோட 5 வோல்ட்டைக் கடன் வாங்குறதும் அதே வகை. அந்த 5 வோல்ட்டை த்ராட்டில், மேப் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்)னு பல சென்சார் பங்கு போட்டுக்குது. உங்க வயர் எங்கேயாவது பாடியைத் தொட்டா எல்லாம் ஒரே நேரத்துல குருடு, ஓடுற வண்டி நின்னுடும். கேஜே 5 வோல்ட் கொடுக்கிற மாடலா பார்த்து வாங்குங்க.

ஸ்பேனர்17 | ஜூன் 10, இரவு 9.10

பாடி எர்த்துக்கு மாத்திட்டேன், முள் இப்போ அசையல. 0.04 வோல்ட்தான். அடுத்து ஆரஞ்சு வயர். டேஷ் லைட் வயர்ல கொடுத்தேன், கேஜ் மினுக்கு மினுக்குனு துடிக்குது.

செம்புக்கம்பி | ஜூன் 10, இரவு 10.00

இப்போ வர்ற வண்டியில டேஷ் லைட்டை மங்கலாக்க வோல்ட்டைக் குறைக்கறதில்ல, 12 வோல்ட்டையே நொடிக்கு நூறு தடவைக்கு மேல வெட்டி வெட்டிக் கொடுக்கும். கண்ணுக்கு மங்கலாத் தெரியும். கேஜுக்குள்ள இருக்கிற சிப் அதை 'லைட் போட்டாங்க, அணைச்சாங்க, போட்டாங்க'ன்னு படிச்சுக் குழம்புது. மங்கல் குமிழை முழு வெளிச்சத்துக்குத் திருப்புங்க. துடிப்பு நின்னா காரணம் இதுதான். வெட்டாத பார்க் லைட் லைன்லிருந்து 1 ஆம்பியர் ஃப்யூஸோட எடுத்துட்டா தீரும், மங்கலை கேஜோட சொந்த பட்டன்ல வச்சுக்கலாம்.

சில வண்டியில பிளஸ் நிலையா இருக்கும், எர்த் பக்கம்தான் வெட்டும். அங்கே கேஜ் பாடி எர்த்துல இருக்கிறதால குமிழைத் திருப்பினாலும் கேஜ் மட்டும் மங்காது. எந்த வகைன்னு தெரிய, டேஷ் பல்போட ரெண்டு முனையையும் தனித்தனியா பாடியை வச்சு அளந்து பாருங்க, குமிழைத் திருப்பும்போது எது மாறுதோ அது.

பழைய_ரிலே | ஜூன் 10, இரவு 10.30

அளக்கறதுக்கு மல்டிமீட்டர்தான், பல்பு வச்ச டெஸ்ட் லாம்ப் வேணாம். அது கால் ஆம்பியர் இழுக்கும், ஈசியூ வயர்ல வச்சா ஈசியூவுக்குள்ள இருக்கிற டிரைவர் சர்க்யூட் போயிடும்.

இணைப்புக்கு சால்டர்தான் நல்லதுன்னு என் கட்சி. கிரிம்ப் (லக்கைக் கருவியால அழுத்திப் பிடிக்க வைக்கிறது) நாளாக ஆகத் தளரும்.

செம்புக்கம்பி | ஜூன் 11, காலை 7.30

டெஸ்ட் லாம்ப் விஷயத்துல பாதி உடன்பாடு. ஈசியூ வயர்ல கூடவே கூடாது. ஆனா ஃப்யூஸ் பாக்ஸ்ல ஒரு லைன் நிஜமா கரண்ட் தருமான்னு பார்க்க அதுதான் நல்லது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டிருக்கிற வயர்லகூட மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏன்னா அது இழுக்கிறதே இல்ல. பல்பை வச்சதும் வோல்ட் விழும், குட்டு உடையும்.

சால்டர் பத்தி வேற கருத்து. ஈயம் இழைகளுக்குள்ள ஊறி, இன்சுலேஷனுக்கு அடியில கொஞ்ச தூரம் ஏறி நிக்கும். ஊறின பகுதி விறைப்பு, ஊறாதது வளையும். அதிர்வுல முறியறது சரியா அந்த எல்லையிலதான். கிரிம்ப் தளருதுன்னா பெரும்பாலும் கட்டிங் பிளேயரால நசுக்கினதா இருக்கும். வயர் சைஸுக்கு ஏத்த லக் (சிவப்பு 0.5லிருந்து 1.5, நீலம் 1.5லிருந்து 2.5 சதுர மி.மீ), முழுசா அழுத்தினாதான் விடுற ராட்செட் கருவி, பிறகு உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். கையால பலமா இழுத்துப் பாருங்க, வரக் கூடாது. சால்டர்தான் வேணும்னா ரெண்டு பக்கமும் ஆடாதபடி கட்டி வச்சுட்டா தாங்கும், அதை மறுக்கல. சாதாரண பிவிசி டேப் மட்டும் ரெண்டு பேருக்கும் வேணாம், வெயில்ல பசை வழிஞ்சு தானா பிரிஞ்சுக்கும். துணி டேப் போடுங்க.

ஸ்பேனர்17 | ஜூன் 11, இரவு 8.45

இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வர்ற வெள்ளை வயர் ரெண்டையும் தகட்டுல இருந்த ஒரு ஓட்டை வழியாவே விட்டிருக்கேன். கழட்டணுமா?

செம்புக்கம்பி | ஜூன் 11, இரவு 9.15

இன்னிக்கே. அந்த ஓட்டையோட ஓரத்தை விரலால தடவிப் பாருங்க, அழுத்தி வெட்டின தகடு, ஒரு பக்கம் பிசிறு நிக்கும். வயர் அதுல ஒரு மி.மீ முன்னும் பின்னும் ஆடினாலே போதும், ரம்பம்தான். சென்சார் வயர் பாடியைத் தொட்டா தீப்பிடிக்காது, ஆனா டெம்பரேச்சர் முள் உச்சிக்குப் போய் ஒட்டிக்கும், ஆயில் முள் பூஜ்யத்துக்கு விழும். ஓடுற வண்டியில அதைப் பார்த்தா யாரா இருந்தாலும் நடுரோட்டுல நிறுத்திடுவாங்க.

கம்பெனி வயரிங் போற ரப்பர் க்ரோமெட்ல (ஓட்டை ஓரத்தை மூடுற வளையம்) ஓரமா ஒரு முலை மாதிரி மூடின முனை இருக்கும், அதன் நுனியை வெட்டி வழி எடுங்க. இல்லேன்னா புது ஓட்டைக்கு அளவான க்ரோமெட். உள்ளே நுழையறதுக்கு முன்னாடி வயர் ஓட்டையைவிடக் கீழே இறங்கி மேலே ஏறட்டும், மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, நெளிகுழாய் உறைக்குள்ள. டேஷ்போர்டுக்குள்ள பெடல், ஸ்டீயரிங் தண்டு ரெண்டும் முழுசா அசையற தூரத்துக்கு வெளியே. கையை விடறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ் கழட்டி, ஏர்பேக் கண்டென்சர் வடிய சில நிமிஷம் காத்திருங்க.

ஸ்பேனர்17 | ஜூன் 14, காலை 10.20

க்ரோமெட் போட்டாச்சு. கடைசி சந்தேகம். வோல்ட் கேஜ் 13.9 காட்டுது, பேட்டரியில நேரா வச்சா 14.3. கேஜ் பொய்யா? அம்மீட்டரே வாங்கியிருக்கலாமோ?

செம்புக்கம்பி | ஜூன் 14, காலை 11.05

கேஜ் உண்மைதான் சொல்லுது, அது நிக்கிற இடத்து உண்மை. பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், ஃப்யூஸ் பாக்ஸ்னு வர்ற வழியில மத்த சுமையால 0.4 விழுது. பேட்டரி அளவே வேணும்னா, பேட்டரி பக்கத்துல 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு நேரா ஒரு வயர், நடுவுல சாவி லைன்ல இயங்குற ரிலே. நானா இருந்தா 0.4ஐ மனசுல கூட்டிக்கிட்டு சும்மா இருப்பேன். நின்னு ஆறின பேட்டரி 12.6, சார்ஜ் ஆகும்போது 13.8லிருந்து 14.7, செல்ஃப் அடிக்கும்போது பத்து கிட்ட இறங்கும். 9.6க்குக் கீழே போனா பேட்டரியைச் சோதிங்க. புது வண்டியில ஈசியூவே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும், 12.5க்கும் 15க்கும் நடுவுல முள் நடந்துகிட்டே இருந்தா பதற வேணாம்.

அம்மீட்டர் பேச்சையே எடுக்காதீங்க. பழைய வகை அம்மீட்டர்னா சார்ஜிங் கரண்ட் முழுசும் டேஷ்போர்டுக்குள்ள வந்து கேஜ் வழியா திரும்பிப் போகணும். முதல் நாள் 150 ஆம்பியர் கணக்குக்கே திரும்பிப் போயிடுவோம்.

செம்புக்கம்பி | ஜூன் 14, மதியம் 12.40

ஒரே இடத்துல எல்லா எர்த்தும்னு ஜூன் 5ல எழுதினேன். வைட்பேண்ட் போடுறவங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. ஹீட்டர் எர்த்தும் பவர் எர்த்தும் பாடிக்குப் போகட்டும். 0-5 வோல்ட் சிக்னலை ஈசியூவுக்குக் கொடுக்கிறதா இருந்தா சிக்னல் எர்த் மட்டும் ஈசியூவோட சென்சார் எர்த்துக்குப் போகணும். இல்லேன்னா ஏசி ஃபேன் கதை அங்கேயும் வரும், இந்த முறை பெட்ரோல் கலவையில.

ஸ்பேனர், நிறுத்தி வைக்கும்போது பேட்டரி வடியுதான்னும் ஒரு தடவை பாருங்க. மைனஸ் வயர்ல மல்டிமீட்டரை 10 ஆம்பியர் சந்துல தொடரா வச்சு, கதவு பூட்டி அரை மணி நேரம் விடுங்க, வண்டியோட கம்ப்யூட்டரெல்லாம் தூங்கணும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. தாண்டினா ஊதா ஃப்யூஸைப் பிடுங்குங்க. அளவு இறங்கலன்னா கேஜ் நிரபராதி. மீட்டர் தொடரா இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடிச்சுடாதீங்க, மல்டிமீட்டருக்குள்ளயும் ஒரு ஃப்யூஸ் இருக்கு.